பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கீழே

2025 நவம்பர் 2, ஞாயிறு

இந்நாட்டு வழக்கப்படி கோடை முழுவதும் ஒரு மணி நேரம் முந்தித் தவறாக ஓடிய இவ்வீட்டுக் கடிகாரங்கள் இன்று அதிகாலை என் கைக்கடிகாரத்துடன் உடன்பட்டன. காலை 8.30க்கு வெளி வெப்பநிலை 4 பாகை. மேற்குக் காற்று. மழை இல்லை.

மன்னார் வளிமண்டல அவதான நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் நாள்தோறும் எட்டரை மணிக்குக் கருவிகளை வாசித்தவன் நான். கனடாவின் மார்க்கம் நகரில், மகன் வீட்டு நிலக்கீழ் அறையில் வசிக்கும் இந்த எழுபத்தாறாவது வயதிலும் அப்பழக்கம் விடவில்லை. விட வேண்டிய காரணமும் எனக்குப் புலப்படவில்லை.

இன்று மதிய உணவுக்குப் பின் மகன் கேதீஸ்வரனுக்கும் மருமகள் சுகிர்தாவுக்கும் இடையே ஒரு விவாதம் நிகழ்ந்து நாற்பது நிமிடங்கள் நீடித்தது. விவாதப் பொருள் மருமகளுடைய மோட்டார் சைக்கிள். கருநீலம், 350 சிசி. ஐந்து வருடமாக அவள் அதில்தான் வைத்தியசாலைக்கு வேலைக்குப் போய்வந்தாள். இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அது கராஜில் நிற்கிறது.

"பிள்ளை பிறக்கப் போகுது, சுகி. இனியும் உதிலை ஏறித் திரியப் போறியே?"

"ஏன், பிள்ளை பிறந்தா எனக்குக் கால் இல்லாமல் போயிடுமே?"

"விளையாடாதை. றோட்டிலை எத்தினை பேர் விழுகினம் எண்டு தெரியுமே?"

"நீங்கள் காரைக் கொண்டுபோய் ரெண்டு தரம் இடிச்சிருக்கிறியள். நான் ஒருக்காலும் விழேல்லை."

இது உண்மை. (2022 மார்ச் 11, 2024 ஓகஸ்ட் 30.)

பிறகு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வேலைக்குப் போனா நோயாளியள் கூப்பிடுவினம். வீட்டை வந்தா நீங்கள் கூப்பிடுவியள். இனிப் பிள்ளையும் கூப்பிடும். அதிலை போற அந்த நேரம் மட்டும்தான் ஒருத்தரும் என்னைக் கூப்பிடாத நேரம், கேதீஸ்."

ஆயினும் மகன் விட்டுக்கொடுக்கவில்லை. ஈற்றில் என்னைச் சாட்சியாக வைத்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 2026 ஏப்ரல் 18, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளை இயக்கிப் பார்ப்பது. அதன் சொந்தப் பற்றரியிலேயே இயங்க வேண்டும். காரிலிருந்து வயர் கொடுக்கக்கூடாது. இயக்கும் பொத்தானை மூன்று தரம் அமத்தலாம். இயங்கினால் அது அவளுடையது, பிறகு ஒரு சொல்லும் இல்லை. இயங்காவிட்டால் விற்பனை. அதுவரை இவ்வீட்டில் மோட்டார் சைக்கிள் என்ற பேச்சையே எவரும் எடுக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை நானே முன்மொழிந்தேன், ஏனெனில் என் பகல் தூக்கம் கெட்டிருந்தது.

மாலை 5.10க்கு மகன் தனியாகக் கீழே வந்தான்.

"அப்பா, சுகி உங்களைத்தான் பற்றரியைப் பாக்கச் சொல்லுவாள். குனிய ஏலாதெல்லே அவளாலை. நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. அதுவே பெரிய உதவி. குளிருக்கை கிடந்தா அது தானாச் செத்துப்போகும்."

"சரி" என்றேன். குழந்தை பெற்ற தாய் மோட்டார் சைக்கிளில் திரிவதை நானும் ஆதரிக்கவில்லை.


2025 நவம்பர் 8, சனி

3 பாகை. தூறல்.

மகன் கடைக்குப் போயிருந்த சமயம் மருமகள் என்னைக் கராஜுக்கு அழைத்தாள். தனக்கென ஒரு மடக்குக் கதிரையும் கொண்டுவந்தாள். அவள் இருந்தபடி சொல்வது, நான் குனிந்து செய்வது என்று ஏற்பாடு. மோட்டார் சைக்கிளின் கைநூலை (114 பக்கங்கள்) நான் ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தேன் என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை.

பற்றரியை அடைவது நான் கருதியதைப்போல எளிதன்று. முதலில் பின்சீற்றைத் திறப்பால் திறந்து எடுக்க வேண்டும். அதன் அடியில் இரண்டு ஆணிகள். அவற்றைக் கழற்றினால்தான் முன்சீற் அசையும். அதற்கும் அடியில், இறப்பர்ப் பட்டியால் கட்டுண்டு, கைவிரல் நுழையாத ஒரு குழிக்குள் பற்றரி இருக்கிறது. பாதுகாப்புப் பெட்டகங்களைக்கூட இதைவிடத் தாராளமாகச் செய்கிறார்கள்.

திறப்பு திரும்ப மறுத்தது. கைநூலின் 41ஆம் பக்கத்தை மீண்டும் பார்த்தேன்.

"புத்தகத்தை விடுங்கோ, மாமா. சீற்றுக்கு ஒரு குத்துக் குத்திப்போட்டுத் திருப்புங்கோ."

"குத்துறதைப் பற்றி இதிலை ஒண்டும் எழுதேல்லைப் பிள்ளை."

"எழுதினவன் இதை ஓடியிருக்க மாட்டான். குத்துங்கோ."

குத்தினேன். திறந்தது.

கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், சிவப்பு பிறகு; பூட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு பிறகு. மாறிச் செய்தால் ஆணி கழற்றும் சாவி இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். இதை அவள் என்னை மூன்று தரம் சொல்லவைத்தாள். இன்று கழற்றவில்லை, அவளுடைய சார்ஜர் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது, புதிது வர வேண்டும். மீற்றரை வைத்து வாசித்தேன்: 12.78 வோல்ட்.

"12.5க்குக் கீழை மட்டும் போகவிடாதேங்கோ, மாமா. போனா உடனை எனக்குச் சொல்லுங்கோ. கழட்டி உள்ளை கொண்டுபோய் சார்ஜ் போடோணும். கீழை இறங்கி இறங்கி உறைஞ்சுதெண்டா, பிறகு அது கல்லுத்தான்." பிறகு, "நீங்கள் பாப்பியள்தானே?" என்றாள்.

"சரி" என்றேன்.

ஆக, இரண்டு 'சரி'கள். நான் இதை நன்கு ஆராய்ந்தேன். நாள்தோறும் வாசிப்பு எடுப்பது மகனுக்குச் சொன்ன 'ஒன்றும் செய்யாமை'க்குள்ளேயே அடங்கும். அவதானிப்பவன் வானிலையை மாற்றுவதில்லை.


2025 நவம்பர் 10, திங்கள்

பற்றரிக்கு ஊற்றவென நான்கு லீற்றர் காய்ச்சி வடித்த நீர் வாங்கிவந்தேன். இந்தப் பற்றரி முத்திரையிடப்பட்டது, நீர் ஊற்றும் வாயே இல்லை என்பது மூடியை நெம்பத் தொடங்கிய பின்னரே தெரிந்தது. நீரை இஸ்திரிப் பெட்டிக்கு ஒதுக்கியுள்ளேன். 12.76.


2025 நவம்பர் 21, வெள்ளி

12.67. புதிய சார்ஜர் தபாலில் வந்தது. பொதியைப் பிரிக்காமல் என் அலுமாரியின் மேல் வைத்தேன். எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.


2025 டிசம்பர் 6, சனி

−7 பாகை. பனி 11 சென்ரிமீற்றர். 12.58.

மருமகளுக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதால் படுக்கையிலேயே ஓய்வெடுக்கும்படி வைத்தியர் உத்தரவிட்டிருக்கிறார். காலை 8.50க்குத் தேநீர் கொண்டுபோனேன். "இண்டைக்கு எவ்வளவு, மாமா?" என்றாள். மகன் அறையில் நின்றதால், "மறை ஏழு" என்றேன். அவன் போன பிறகு, "மற்றது?" என்றாள். சொன்னேன். தலையணையின் கீழிருந்து ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

நான் 2009 யூன் 30ஆம் திகதி ஓய்வுபெற்றேன். அதற்குப் பிறகு எவரும் என் வாசிப்பைக் கேட்டுக் குறித்ததில்லை. இதை இங்கே பதிவதற்குக் காரணம், தகவலின் முழுமை மட்டுமே.


2025 டிசம்பர் 16, செவ்வாய்

12.49.

மருமகளிடம் "பன்னிரண்டரை" என்றேன். 12.49 என்பதை ஒரு தசமத்தானத்துக்கு மட்டந்தட்டினால் 12.5. நான் பணியாற்றிய நிலையத்தில் இதுவே விதி. இது பொய்யன்று.


2025 டிசம்பர் 17, புதன்

12.47. மட்டந்தட்டினால் 12.5. அவ்வாறே அறிவித்தேன். மகன் காலையில் என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். நான் பதிலுக்குப் புன்னகைக்க மறந்துவிட்டேன்.


2025 டிசம்பர் 18, வியாழன்

12.45. சரிபாதியில் நிற்கும் எண் மேல்நோக்கியே மட்டந்தட்டப்படும். 12.5.


2025 டிசம்பர் 19, வெள்ளி

−13 பாகை. வடமேல் காற்று, பலமானது.

12.44.

மூன்று தரம் வாசித்தேன். எந்த விதிப்படியும் இது பன்னிரண்டரை ஆகாது.

மேலே போனபோது மருமகள் விழித்திருந்தாள். கால்கள் வீங்கி, இரண்டு தலையணைகளின் மேல் கிடந்தன. "இண்டைக்கு எவ்வளவு, மாமா?"

"இன்னும் வாசிக்கேல்லைப் பிள்ளை. பிறகு சொல்லுறன்."

வாழ்நாளில் எட்டரை மணி வாசிப்பைப் பற்றி நான் சொன்ன முதலாவது பொய் அது. 8.52க்கு அது என் வாயிலிருந்து வெளிவந்தது. 9.05க்கு நான் கராஜில் இருந்தேன்.

கையுறையுடன் ஆணி பிடிபடவில்லை. கையுறையைக் கழற்றினேன். கறுப்பு முதலில். கறுப்பு வயரின் ஆணி கழன்றதும் அதை அடியில் பற்றியிருந்த சதுரச் சுரை (நட்) நழுவிக் குழியின் ஆழத்துக்குள் விழுந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த நயாகரா நீர்வீழ்ச்சிக் காந்தத்தை நூலில் கட்டி இறக்கினேன். பதினேழு நிமிடங்களில் சுரை ஒட்டிக்கொண்டு வந்தது. இதற்கிடையே என் வலது முழங்கால் தனது கருத்தை இரு தடவைகள் தெரிவித்தது.

பற்றரியைச் சால்வையில் சுற்றிக் கீழே கொண்டுவந்து, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு அருகில் மரப்பலகையில் வைத்து, அலுமாரியின் மேலிருந்த பொதியைப் பிரித்து சார்ஜரைக் கொளுவினேன். அதன்மேல் ஓர் உடுப்புக் கூடையைக் காற்றோட்டம் இருக்கும்படி கவிழ்த்துவைத்தேன். பிற்பகல் 5.20க்குச் செவ்விளக்கு அணைந்து பச்சை விளக்கு எரிந்தது.

"பன்னிரண்டு தசம் எட்டு ஐந்து" என்று மருமகளிடம் அறிவித்தேன்.

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் விரல்களைப் பார்த்தாள். "பற்றரி தானாய் ஏறுமே, மாமா?"

"சில வேளையிலை."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வைத்தியர் சிரிப்பைத் தடை செய்யவில்லை என நம்புகிறேன்.

மகனுக்கு நான் அளித்த 'சரி', கராஜில் கிடந்த பற்றரியைப் பற்றியது. இப்போது அது கராஜில் இல்லை.


2026 ஜனவரி 15, வியாழன்

−16. தைப்பொங்கல். பொங்கல் வழிந்தது, அடுப்பின் எச்சரிக்கை மணியும் அலறியது. 12.86. கூடையின் மேல் ஒரு துவாயும் போட்டிருக்கிறேன், பச்சை வெளிச்சம் மகனின் கண்ணில் படாதிருக்க.


2026 பெப்ரவரி 5, வியாழன்

காலை 6.14க்குப் பேத்தி பிறந்தாள். 3.1 கிலோகிராம். தாயும் சேயும் நலம். மகன் தொலைபேசியில் அழுதான்.

வெளி வெப்பநிலை குறிக்க மறந்துவிட்டேன். பிற்பகல் இரண்டு மணிக்கு −9.


2026 பெப்ரவரி 16, திங்கள்

−11. 12.71.

மருமகளின் தாயார் மங்கையற்கரசி அம்மையார் பிள்ளைப்பேறு பார்க்க மொன்றியலில் இருந்து வந்து இன்று பதினேழாம் நாள். பேறு பார்த்த வீட்டில் தாய்க்குப் பத்தியச் சரக்குக் கறி இன்றியமையாதது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் மிளகும் மல்லியும் மஞ்சளும் அரைக்கும் சத்தம் குழந்தையை எழுப்பிவிடுமென்று அவர் அரைக்கும் இயந்திரத்தைக் கீழே கொண்டுவந்துவிட்டார். அதற்கு மின்சாரம் வேண்டுமே. பத்து மணிக்கு என் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தமது இயந்திரத்தைச் செருகுகிறார். பின்னர் அதைப் பிடுங்குகிறார், ஆனால் சார்ஜரைத் திரும்பச் செருகுவதில்லை. நான் நண்பகலில் செருகுகிறேன். மறுநாள் பத்து மணிக்கு அவர் பிடுங்குகிறார். சம்பந்தி அம்மையாரிடம் "பிடுங்காதீர்கள்" என்று நேரடியாகச் சொல்லும் உரிமை எனக்கில்லை. சொன்னால் காரணம் கேட்பார். காரணம் மகனின் காதுக்குப் போகும்.


2026 பெப்ரவரி 20, வெள்ளி

−4. 12.63.

மூன்று நாட்களாக முழங்கால் வீங்கி நான் நண்பகலில் எழுந்து போகவில்லை; சார்ஜர் பிடுங்கியபடியே கிடந்திருக்கிறது. இன்று நான் செருகிக்கொண்டிருந்தபோது அம்மையார் படியில் நின்றார்.

"சம்பந்தியார், கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. உந்தக் கூடைக்குள்ளை என்ன, கோழிக் குஞ்சே?"

"இல்லை."

"பின்னை ஏன் ஒவ்வொரு நாளும் திறந்து பாத்து, துவாயாலை போத்து மூடுறியள்?"

கூடையைத் தூக்கிக் காட்டினேன். விடயத்தைச் சுருக்கமாக, திகதிகளுடன் எடுத்துரைத்தேன். அவர் இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப மருமோனுக்குத் தெரியாது?"

"தெரியாது."

"சரி. அப்ப எனக்கும் தெரியாது."

பிற்பகல் முதல் அரைக்கும் இயந்திரம் சமையலறையில் அலறுகிறது. குழந்தை எழும்பவில்லை. நல்ல காது, ஆனால் பொறுமையும் உள்ளது.


2026 மார்ச் 7, சனி

குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள். துடக்குக் கழிவுச் சடங்கு இனிதே நிறைவேறியது. 12.84.

விருந்தினர் போன பின் மருமகள் குழந்தையைத் தோளில் போட்டபடி யன்னலருகே நின்றாள். அந்த யன்னலுக்கு வெளியே கராஜின் கதவைத் தவிர வேறு காட்சி எதுவும் இல்லை. மகன் வாசலில் நின்று அவளைப் பார்த்தான். என்னவென்று கேட்டான். "ஒண்டுமில்லை" என்றாள். அவன் நெடுநேரம் அங்கேயே நின்றான்.


2026 மார்ச் 8, ஞாயிறு

வீட்டுக் கடிகாரங்கள் மீண்டும் வழிதவறிவிட்டன. இன்று முதல் என் 8.30 வாசிப்பு, அவர்களுடைய 9.30க்கு.


2026 மார்ச் 14, சனி

2 பாகை. 12.84. மகன் இருபத்தைந்து நிமிடங்கள் கராஜில் இருந்தான். வெளியே வந்தபோது கைகளில் கறுப்பு. பனி அள்ளும் சவலைத் தேடியதாகச் சொன்னான். சவல் வாசலில் சாத்தியிருந்தது.

மாலை என்னிடம் வந்தான். "அப்பா... நான் அண்டைக்குச் சொன்னது... நீங்கள் ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

"நீ சொன்னதை நான் மறக்கேல்லைத் தம்பி" என்றேன். இது முற்றிலும் உண்மையான வாக்கியம்.

மகிழ்வான் என எதிர்பார்த்தேன். அவன் முகம் வாடிவிட்டது. தடிமன் பிடிக்கப்போகிறதென நினைக்கிறேன். கொத்தமல்லிக் குடிநீர் போட்டுக் கொடுத்தேன்.


2026 மார்ச் 19, வியாழன்

குப்பைத் தொட்டியில் ஒரு வெற்று அட்டைப்பெட்டி மடிக்கப்படாமலே கிடந்தது. பக்கவாட்டில் '12V' என்று அச்சிடப்பட்டிருந்தது. குழந்தைக்கு ஏதோ விளையாட்டுச் சாமான் போலும். ஆறு வாரக் குழந்தைக்கு இது முந்திய செலவு. பெட்டியை மடித்து உரிய தொட்டியில் இட்டேன்.


2026 மார்ச் 29, ஞாயிறு

அம்மையார் மொன்றியல் திரும்பினார். காரில் ஏறும்போது என்னருகே வந்து, "பதினெட்டாம் திகதி எனக்கு ரெலிபோன் எடுங்கோ, என்ன? குஞ்சு பொரிச்சதோ எண்டு அறியோணும்" என்றார். என்ன குஞ்சு என்று மகன் கேட்டான். நான் காரின் கதவைச் சாத்தினேன்.


2026 ஏப்ரல் 17, வெள்ளி

8 பாகை. 12.87. பற்றரியின் முனைகளைத் துடைத்து மெலிதாக வசிலீன் பூசினேன். நாளை 151ஆவது வாசிப்பு. உடல்நலமின்மையால் தவறியவை பத்து. குழந்தை பிறந்த நாளில் தவறியது ஒன்று.


2026 ஏப்ரல் 18, சனி

11 பாகை. தெளிந்த வானம். தென்மேல் காற்று, இலேசானது. 12.87.

அவர்களுடைய கடிகாரத்தில் 9.35க்குப் (இன்றைய நேரங்கள் யாவும் அதன்படியே) பற்றரியை உடுப்புக் கூடையில் வைத்துக் கராஜுக்குக் கொண்டுபோனேன். மகன் குழந்தையுடன் மேலே இருந்தான். எவரும் அறியாமல் பூட்டிவிடுவது என் திட்டம். சீற்றுக்கு ஒரு குத்து, திறப்பு, இரண்டு ஆணிகள், முன்சீற். குழியைப் பார்த்தேன்.

குழிக்குள் ஒரு பற்றரி இருந்தது.

புத்தம் புதியது. தூசி இல்லை. என் கூடையை எட்டிப் பார்த்தேன். அதற்குள்ளும் பற்றரி இருந்தது. இந்நிலைமை கைநூலில் இல்லை.

"அப்பா!"

மகன் குழந்தையை ஏந்தியபடி கதவில் நின்றான். அவன் கூடையைப் பார்த்தான். நான் குழியைப் பார்த்தேன்.

"உது... பழைய பற்றரியே?"

"ஓம்."

"நீங்கள் அதை எறிஞ்சுபோட்டியள் எண்டெல்லோ நினைச்சன்! மார்ச்சிலை திறந்து பாக்கிறன், வெறுங் குழி. நான் சொன்னன் எண்டு கழட்டி எறிஞ்சுபோட்டார் மனுசன் எண்டு ரெண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை."

"அப்ப இது?"

"நான்தான் வாங்கிப் பூட்டினன்."

"விக்க வேணும் எண்டனீ நீதானே, தம்பி?"

மகன் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது. "பிள்ளை பிறந்த பிறகு அவள் அதைப் பற்றி ஒண்டுமே கேக்கேல்லை, அப்பா. சண்டை பிடிச்சிருந்தா நானும் பிடிச்சிருப்பன். யன்னலிலை நிண்டு பாப்பாள், என்னெண்டு கேட்டா ஒண்டுமில்லை எண்டுவாள். அதைத்தான் என்னாலை தாங்க ஏலாமல் கிடந்தது." பிறகு, "நீங்கள் ஏன்?" என்று கேட்டான்.

"12.44" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

சரியாகப் பத்து மணிக்கு மருமகள் வந்தாள். தடித்த மேற்சட்டை, சப்பாத்து, கையில் தலைக்கவசம். எங்கள் இருவரின் முகங்களையும், கூடையையும், குழியையும் வரிசையாகப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீழே குந்தியிருந்து நெடுநேரம் சிரித்தாள். எழுந்தபோது கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அமத்து சுகி" என்றான் மகன். "புதுசு கிடக்கு. ஒருக்கா அமத்தினா முடிஞ்சுது."

"முடியாது" என்றேன் நான்.

இருவரும் திரும்பினார்கள். நான் இந்நாட்குறிப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். 2025 நவம்பர் 2ஆம் திகதிப் பதிவை வாசித்தேன்: அதன் சொந்தப் பற்றரியிலேயே இயங்க வேண்டும். "புதியது அதன் சொந்தப் பற்றரி இல்லை. நாளைக்கு ஒருத்தரும் இது சரியாய் நடக்கேல்லை எண்டு சொல்லக்கூடாது."

"அப்பா, விளங்கித்தான் கதைக்கிறியளே? பழசு ஸ்ராட் ஆகாட்டி விக்க வேணும். நானே வேண்டாம் எண்டுறன், நீங்கள் ஏன்..."

"நீ வேண்டாமெண்டு விட்டுக்குடுத்தா அது உன்ரை தயவு, தம்பி. அந்தப் பிள்ளை உன்னட்டைத் தயவு கேக்கேல்லை. மூண்டு தரம் அமத்தக் கேட்டது."

மருமகள் தலைக்கவசத்தை நிலத்தில் வைத்தாள்.

"மாமான்ரை பற்றரியைப் போடுங்கோ" என்றாள். "ஆகாட்டி விக்கிறதுதான். சொன்ன சொல்லு சொன்ன சொல்லு."

எவரும் கூப்பிடாத அவளுடைய அந்த நேரத்தை நான் என் வாயால் பந்தயம் வைத்துவிட்டேன். 12.87 என்பது ஒரு மீற்றர் சொல்லும் எண். குளிரில் ஐந்தரை மாதம் கிடந்த எந்திரம் என்ன சொல்லும் என்பது அதில் இல்லை.

புதியதைக் கழற்றினோம்: கறுப்பு, சிவப்பு. பழையதை இறக்கினோம்: சிவப்பு, கறுப்பு. சதுரச் சுரை மீண்டும் தாழ்ந்தது. ஆணி அதைப் பற்றவில்லை. மகன் குழந்தையை என்னிடம் தந்துவிட்டுத் தன் சின்ன விரலால் சுரையைக் கீழிருந்து தூக்கிப் பிடித்தான், மருமகள் முறுக்கினாள். "விரலைக் கடிச்சுப்போடும், பாத்து" என்றாள். "கடிக்கட்டும், நீ முறுக்கு" என்றான்.

மோட்டார் சைக்கிளை வெளியே வெய்யிலுக்குத் தள்ளினோம். மருமகள் ஏறினாள். 10.33க்கு முதலாவது தரம் அமத்தினாள். எந்திரம் பலமாகச் சுழன்றது, பற்றவில்லை. 10.34, இரண்டாவது. சுழன்றது, ஒருமுறை செருமியது, நின்றது.

மகன் வானத்தைப் பார்த்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பற்றரிக்கு ஒரு நிமிசம் ஓய்வு குடுக்கவேணும்" என்றேன். அந்த ஒரு நிமிடத்தில் செய்ய வேண்டிய கடமை ஒன்று எனக்கு இருந்தது.

"பிள்ளை, டிசம்பர் 16, 17, 18. அந்த மூண்டு நாளும் நான் உனக்குப் பன்னிரண்டரை எண்டு சொன்னது..."

"மட்டந்தட்டிச் சொன்னியள். தெரியும், மாமா. நாலு மாதம் ரெண்டு தசமத்திலை சொன்ன மனுசன் திடீரெண்டு ஒரு தசமத்திலை சொன்னா எனக்கு விளங்காதே?"

"நீ ஏன் கேக்கேல்லை?"

"உங்களாலை எவ்வளவு நாளைக்குத் தாங்க ஏலும் எண்டு பாத்தன்."

நவம்பர் முதல் டிசம்பர் வரை நாலு மாதம் அல்ல, ஐந்தரை வாரம். திருத்த வாயெடுத்தேன், நிமிடம் முடிந்துவிட்டது.

10.36, மூன்றாவது. எந்திரம் சுழன்றது. சுழன்றது. இன்னும் சுழன்றது. அவள் கையை எடுக்கவில்லை. ஒரு வெடி, புகை, பிறகு பிடித்துக்கொண்டது. சத்தம் கராஜின் சுவர்களில் பட்டுத் திரும்பிவந்தது. எதிர்வீட்டு யன்னலில் திரை விலகியது. என் தோளில் கிடந்த பேத்தி ஒரு கண்ணைத் திறந்து, மூடினாள்.

மகன் ஏதோ கத்தினான். எந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. கைகளை உயர்த்திப் பிடித்திருந்தான், பந்தயத்தில் தோற்றவர்கள் அவ்வாறு செய்வதை நான் கண்டதில்லை. மருமகள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மூலையில் மறைந்தாள். பத்தொன்பது நிமிடங்கள் வரவில்லை. அந்தப் பத்தொன்பது நிமிடங்களும் எவரும் அவளைக் கூப்பிடவில்லை; ஒன்பதாவது நிமிடத்தில் பசித்துக் கத்திய பேத்திக்கு மகன் போத்தலில் பால் கொடுத்து, கத்தலைத் தானே சமாளித்தான்.

திரும்பிவந்து எந்திரத்தை நிறுத்தாமலே தலைக்கவசத்தின் முகக்கண்ணாடியைத் தூக்கினாள். கன்னங்கள் சிவந்திருந்தன.

"கேதீஸ், ஏறுங்கோ."

"நானோ?"

"ஐஞ்சு வருசமாய் நிண்டு பயப்பிட்டது காணும். ஏறி இருந்து பயப்பிடுங்கோ."

அவன் என்னைப் பார்த்தான். உடன்படிக்கையில் இதற்குத் தடை ஏதும் இல்லை என்றேன். குழந்தையை என்னிடம் தந்து, அவளுடைய பழைய தலைக்கவசத்தைக் கொண்டுவந்து, வாரை இரண்டு தரம் தவறாக மாட்டி, மூன்றாம் தரம் சரியாக மாட்டினான். அவள் இடுப்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டான். 11.08க்குப் புறப்பட்டார்கள். மூலைவரை அவன் முதுகு விறைத்தே இருந்தது.

மூலையில் மோட்டார் சைக்கிளின் வலப்பக்கச் சைகை விளக்கு மினுங்கத் தொடங்கியது. அதே நேரத்தில் பின்னால் இருந்த என் மகனும் ஒரு கையை விடுவித்து, வலப்பக்கமாக நீட்டிக் காட்டினான். விளக்கு எரிந்துகொண்டிருக்கையில் அது தேவையற்ற செயல். ஆயினும் கையை நேராகவும், தோள்மட்டத்திலும், திருப்பம் முடியும் வரையிலும் பிடித்திருந்தான். பேத்திக்கு அதைச் சுட்டிக்காட்டினேன்.